கத்தரிக்காய் விற்ற குரல்

9

செத்துப் பதினோரு மாதமான முத்துகுமரன், அன்று காலை ஏழு மணிக்குத் தென்காசித் தெருவில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டு வந்தான்.

"வாங்கம்மா வாங்க! பாவூர்சத்திரம் பச்சைக் கத்தரிக்கா! காம்பு வாடல, கை படல! பாத்து எடுங்கக்கா!"

செத்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த துல்கர்னைன் கையிலிருந்த காப்பி தளும்பிச் சட்டையில் கொட்டியது. துப்பறியும் தொழிலுக்கு வந்த எட்டு வருஷத்தில் அவன் நாலைந்து பிணங்களைப் பார்த்துவிட்டான். எந்தப் பிணமும் வியாபாரம் செய்ததில்லை.

"மேடம், ஒரு மாசமா நாம யாரைப் பத்தி விசாரிக்கோமோ, அவரே தெருவுல வாராரு" என்றான்.

லோகநாயகி சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டம்மாவாக விருப்ப ஓய்வு வாங்கி, ஒரு புரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் போட்டவள் அவள். சிரிக்க வேண்டிய வேலை எல்லாம் உன்னுடையது என்று முதல் நாளே துல்கர்னைனிடம் சொல்லிவிட்டாள்.

குரல் கேட்டதும் உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாள் துணிப்பையோடு வந்தாள். முத்துகுமரனின் தாய். வாசலுக்குப் போகிறவள் லோகநாயகியின் முன்னால் நின்றாள்.

"தாயி, நீங்களாவது சொல்லுங்க. 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க'ன்னான்லா எம்புள்ள? என்னத்தச் சொல்லச் சொன்னான்? ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

முப்பிடாதியம்மாள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு வெளியே போனாள்.

அந்தக் கேள்விதான் இந்த வழக்கே. முத்துகுமரன் திரிகூடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். போன ஆடியில் ஐந்தருவிக்கு மேலே பாறையிலிருந்து விழுந்து செத்தான். அன்று மதியம் அவனுடைய போனிலிருந்து குழுவின் வாட்ஸ்அப்புக்கு ஒன்பது நொடிக் குரல் செய்தி ஒன்று போயிருந்தது. 'நான் போறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க.' அவ்வளவுதான். போலீஸ் தற்கொலை என்று எழுதி மூடிவிட்டது.

அவனுடைய அக்கா அனுசியா அதை நம்பவில்லை. அவளே போலீஸ்காரி. சொந்தத் தம்பி வழக்கில் சீருடையோடு மூக்கை நுழைக்க முடியாது என்பதால்தான் லோகநாயகியிடம் வந்தாள். தம்பி சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப்போட்டு, தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தான் என்பது அவள் கட்சி. அப்படி ஒன்றுமே கிடையாது, அவனுக்கு அதெல்லாம் வராது என்பது குழுத் தலைவர் விஜயசங்கரின் வாக்குமூலம். முத்துகுமரனின் லேப்டாப் அவன் செத்த அன்றே காணாமல் போயிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் விஜயசங்கரின் சொந்தப் பாடல்கள் வெளியீட்டு விழா.

"அந்த விளம்பரத்துல வார மெட்டு எந்தம்பி பல் தேய்க்கும்போது முனங்குத மெட்டு மேடம்" என்றாள் அனுசியா, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி. ஐந்தருவியில் அவளுக்குச் சீசன் டூட்டி.

"பல்லு தேய்ச்சதுக்குச் சாட்சி யாரு? வேப்பங்குச்சியா?" என்றான் துல்கர்னைன். சொன்ன பிறகு அவனுக்கே வாய் கசந்தது.

உண்மையில் அவர்கள் அன்று வந்ததே வழக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான். ஒரு மாதம் அலைந்து லோகநாயகிக்குக் கிடைத்தது ஒரே ஒரு முள். அந்த ஒன்பது நொடிச் செய்தியில், 'நான் போறேன்' என்பதற்கும் 'யாரும்' என்பதற்கும் நடுவில், ஒரு ரயில் ஊதியது. ஐந்தருவியில் ரயில் ஏது? கேட்டதற்கு, வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு போய் அங்கிருந்து அனுப்பியிருப்பான் என்றது போலீஸ். பதில் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு எரிச்சலே அதில்தான்.

"எங்க வீட்டுல எப்பமுமே" என்று ஆரம்பித்த அனுசியா சட்டென்று நிறுத்தினாள். வீட்டுக்குப் பின்னால் செங்கோட்டை ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. அது முழுவதும் கடக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "கத்தரிக்கா யாரும் திங்கதில்ல. அம்மா தினம் வாங்குதா. அந்தக் குரலைக் கேக்கத்தான்."

காய்கறி வண்டிக்காரர்களுக்கெல்லாம் முத்துகுமரன்தான் கூவிக் கொடுப்பானாம். மெமரி கார்டில் பதிவு செய்து தருவான். காசு வாங்க மாட்டான், ஒரு பை காய் போதும்.

"இப்ப எல்லா வண்டியிலயும் யாரோ ஒரு பொம்பளப்பிள்ள கூவுதா. இது ஒரு வண்டிதான் மிச்சம்."

லோகநாயகி எழுந்து நின்றாள். "எப்பலேருந்து?"

"ஒரு பத்து நாளா."

"செத்தவன் குரலைப் பத்து மாசம் சகிச்சுக்கிட்டவங்க, பதினொண்ணாம் மாசம் ஒண்ணுபோல மாத்துதாங்களா? ஏலே துல்கர், வண்டியை எடு."

வெளியே வருவதற்குள் அந்தக் குட்டியானை வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தது. கேட் மூடிக்கொண்டது. முப்பிடாதியம்மாள் கத்தரிக்காய்ப் பையோடு, குரல் போன திசையைப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றாள்.

*

பாவூர்சத்திரம் சந்தையில் லோகநாயகி விரல்விட்டு எண்ணினாள். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் பதினேழு. பதினேழிலும் ஒரே பெண்குரல்.

"பாவம், இன்னிக்கு ராத்திரி அந்தப் புள்ளைக்குத் தொண்டை கட்டிரும்" என்றான் துல்கர்னைன்.

தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த முத்துசெல்வி சிரித்தாள். சொந்த வண்டி வைத்து, தானே ஓட்டி, தானே விற்கிறவள். கையை ஓட்டிக்கொண்டே வாயையும் ஓட்டினாள்.

"இது விஜயசங்கர் அண்ணாச்சி ஓசியாத் தந்ததுக்கா. புதுக் கார்டு, புதுக் குரல். செத்தவன் குரல் யாவாரத்துக்கு ஆவாது, தரித்திரம்னாரு. பழசை மட்டும் கையோட வாங்கிக்கிட்டாரு."

"கல்யாண வீட்டுல இலையைத் திருப்பிப் போட்டுத் தேடுத மனுஷன், ஓசியாவா?" என்றான் துல்கர்னைன்.

லோகநாயகி வேறு இடத்தைப் பிடித்திருந்தாள். "புதுசு குடுத்தது சரி. பழசு அவருக்கு எதுக்கு? வேண்டாம்னா நீங்களே குப்பையில போட்டிருப்பீங்கள்ல? அந்தக் கார்டுல கத்தரிக்கா தவிர வேற என்ன இருந்துச்சு?"

முத்துசெல்வி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"பாட்டு இருந்துச்சு. ரோட்டுல பள்ளம் வந்தா பெட்டி குலுங்கி அடுத்ததுக்குத் தாவிரும். அவன் பாட ஆரம்பிச்சிருவான். பொம்பளையளெல்லாம் காயைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னு கேப்பாளுவ. ஒருத்தியும் வாங்க மாட்டா. யாவாரம் கெட்டுப்போவுதேன்னு எல்லாருமே பட்டன் மேல டேப் ஒட்டிட்டோம்."

"எத்தனை பாட்டு?"

"யாரு கண்டா? காய் விக்கவா, பாட்டுக் கேக்கவா? பன்னெண்டு நாளைக்கு முந்தி கீழப்பாவூர்ல என் வண்டியில டேப் பிஞ்சு பாட்டு ஓடிருச்சு. அண்ணாச்சி பைக்க நிறுத்தி, முழுசாக் கேட்டாரு. மறுநாளே எல்லாருக்கும் புதுக் கார்டு."

ஒரு மனிதன் ஆயுசுக்கும் சேர்த்து வைத்த பாட்டு, பதினெட்டு வண்டிகளில், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெருவுக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு சாண் கறுப்பு டேப் அதை மூடி வைத்திருந்தது. துல்கர்னைனின் மாமா கடை வாசலிலும் அப்படி ஒரு வண்டி நிற்கும். அவனும் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறான். நினைக்க வெட்கமாக இருந்தது.

"இல்லவே இல்லைன்னு சொன்ன பாட்டை ஊர் ஊராத் தேடிப் பொறுக்குதாரு" என்றாள் லோகநாயகி. "மிச்சம் ஒரு வண்டி ஓடுதே, அது யாரு?"

"குத்தாலிங்கம் அண்ணன். அவருதான் மாத்த மாட்டேன்னு முறுக்கிக்கிட்டே திரிஞ்சாரு. இன்னிக்கு ஐந்தருவி பார்க்கிங்ல வச்சு மாத்திருதேன்னு அண்ணாச்சி சொல்லிட்டிருந்தாரு."

*

சாரல் பிடித்திருந்தது. ஐந்தருவி பார்க்கிங்கில் வேன்களுக்கு நடுவே அடுப்பு மூட்டிச் சமைக்கிறவர்களும், எண்ணெய் வழியும் உடம்போடு அருவிக்குப் போகிறவர்களும், ரம்புட்டான் கடைகளும். இந்தச் சமையல்காரர்களை நம்பித்தான் குத்தாலிங்கம் முற்பகலில் இங்கே வண்டியைக் கொண்டு வருவார்.

வண்டி நின்றது. ஒலிபெருக்கியும் பாடியது. "வாங்க வாங்க, ஃப்ரெஷ்ஷான காய்கறிகள்!"

பெண்குரல்.

துல்கர்னைன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே இறங்கினான். அது சாய்ந்து விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. வழியெல்லாம் லாரிகளுக்கு நடுவே நுழைந்து உயிரைக் கையில் பிடித்து வந்ததெல்லாம் வீண். பையோடு தெருவில் நின்ற அந்தத் தாயின் முகம்தான் அவன் கண்ணில் நின்றது.

"மாத்திட்டாரா அண்ணாச்சி?" என்று லோகநாயகி கேட்டாள்.

குத்தாலிங்கம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, வெடுக்கென்ற பேச்சு. "நீங்க யாரு?"

"அனுசியாவுக்கு வேண்டப்பட்டவங்க. முத்துகுமரன் வீட்டுலேருந்து வாரோம்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அரை மணி நேரத்துக்கு முந்திதான் விஜயசங்கர் வந்து புதுசைச் செருகிட்டுப் போனாரு. பழசைக் குடுன்னாரு. குடுத்தேன்."

"போச்சு" என்றான் துல்கர்னைன்.

"ஏதோ ஒரு பழசு. எம்மவன் சினிமாப் பாட்டு ஏத்தி வச்சிருந்தது. எல்லாம் நகக்கண்ணு அளவுதான இருக்கு, யாருக்குத் தெரியுது?" அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஸ் டிக்கெட்டில் மடித்து ஒரு கார்டு. "மத்த தெருவுக்கு அந்தப் பொம்பளப்பிள்ள கூவிக்கிடட்டும். அந்த அக்கா தெருவுக்கு மட்டும் இதைப் போட்டுக்கிடலாம்னு வச்சிருக்கேன். குரல் வரலன்னா அவிய பையைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நிப்பாவல்லா? அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

லோகநாயகி தீப்பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு போலீஸ்காரியாகக் கேட்டாள். "இது எப்பம் குடுத்தது?"

"பங்குனி உத்திரத்தன்னிக்கு வண்டி எடுத்தேன், போன வருஷம். அன்னிக்கே போட்டுக் குடுத்தான். அதுக்கப்புறம் இது அவன் கைக்குப் போவல. ஏம்ப்பா இதுல பாட்டை ஏத்துதன்னு கேட்டேன். 'மேடையிலதான் ஏத்த மாட்டேங்காவ, தெருவுலயாவது போவட்டும்ணே'ன்னான்."

அவன் செத்தது ஆடியில். நாலு மாதத்துக்கு முந்திய கார்டு.

"துல்கர், அனுசியா பொம்பளைங்க வரிசையில நிக்கா. கூட்டிட்டு வா. அவுட்போஸ்ட் எஸ்.ஐ.யும் வரட்டும்."

ஆனால் துல்கர்னைன் அவர்களோடு திரும்பி வருவதற்குள் இன்னொருவரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, மேடையில் பேசிப் பேசிப் பழகிய குரல்.

"ஏ குத்தாலிங்கம், கார்டு மாறிப்போச்சுய்யா! வீட்டுல போய்ப் போட்டா சினிமாப் பாட்டுல்லா பாடுது" என்று சிரித்துக்கொண்டே வந்த விஜயசங்கர், லோகநாயகியைக் கண்டதும் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தார். "அடடே, மேடம். இன்னும் விசாரணை முடியலியா?"

"முடிஞ்சிட்டு. ஒரே ஒரு சந்தேகம். முத்துகுமரன் தனியாப் பாட்டு எதுவும் பதிவு பண்ணலைன்னுதான சொன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்லுதேன். நல்ல வாசிப்புக்காரன். சொந்தச் சரக்கு கிடையாது."

"ஒருவேளை இருந்தா?"

"நான் கேட்டதில்ல."

"அப்போ இன்னிக்கு எங்களோட கேளுங்க" என்றாள்.

துல்கர்னைன் கார்டைச் செருகி, நகத்தால் கறுப்பு டேப்பை உரித்தான். முதலில் கத்தரிக்காய் வந்தது. அனுசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பட்டன். கீபோர்டில் மெல்லிய இழை ஒன்று ஓடியது, அதன் மேல் முத்துகுமரனின் குரல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை விழா விளம்பரத்தில் வருகிற அதே மெட்டு. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த மதுரைக்காரப் பெண்கள் நாலு பேர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"மெட்டு யாருக்கும் தோணும் மேடம். எங்கூட வாசிச்சவன், என் மெட்டைப் பாடிப் பாத்திருப்பான்" என்றார் விஜயசங்கர். குரலில் நடுக்கமில்லை. கோர்ட்டிலும் இதைத்தான் சொல்வார், அது எடுபடவும் செய்யும்.

பட்டனை மறுபடி அழுத்தினான். இசை இல்லை. பேச்சு.

'நான் போறேன்.'

ஒரு ரயில் நீளமாக ஊதியது. அது ஓயும்வரை குரல் காத்திருந்தது, அந்த வீட்டார் எல்லோரும் காத்திருப்பதுபோல.

'யாரும் என்னைத் தேட வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க...'

சட்டென்று விஜயசங்கரின் கை பாய்ந்தது. பெட்டி அணைந்தது.

அருவி இரைச்சல் மட்டும் கேட்டது.

"பாத்தீங்களா?" என்றார் அவர், அவசரமாக. "செத்தவனோட கடைசிப் பேச்சு. அதைப் போய் நடுரோட்டுல, கூடப்பிறந்தவ முன்னால... மனசு கேக்கல மேடம், அதான் அமத்திட்டேன்."

"சரிதான்" என்றாள் லோகநாயகி. "ஆனா அண்ணாச்சி, 'நான் போறேன்'னதுமே மனசு கேக்காமப் போயிருக்கணும்லா? 'தேட வேண்டாம்'ன்னப்போவாவது பதறியிருக்கணும். கடைசி வார்த்தை வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டு, அது முடிஞ்ச இடத்துல கரெக்டா அமத்துதீங்க. அங்கன பேச்சு முடியலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விஜயசங்கர் வாயைத் திறந்தார். மேடைக்குரல் வரவில்லை.

"இந்தப் பதிவை இதுக்கு முன்னால கேட்டவனுக்குத்தான் அது தெரியும். வெட்டுனவனுக்குத்தான் வெட்டுன இடம் தெரியும். துல்கர், போடு."

துல்கர்னைன் மறுபடி அதே பதிவை ஓடவிட்டான். நான் போறேன். ரயில். யாரும் என்னைத் தேட வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க. பெருமூச்சு ஒன்று. பிறகு,

'சாரல் விழுந்ததும் வந்துருவேன்னு.'

உடனே பாட்டு எழுந்தது. பங்குனி வெயிலில் வற்றிப்போகிற அருவி, தாயான மலையை விட்டுப் பிரிந்து போகிற பாட்டு. அருவி பேசிய பேச்சைத்தான் முத்துகுமரனின் மரணச் சீட்டாக்கி, அவன் போனிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். போன் அப்போது யார் கையில் இருந்தது, மேலே பாறையில் அன்று என்ன நடந்தது என்று இனி எஸ்.ஐ. கேட்டுக்கொள்வார்.

விஜயசங்கர் ஓடவில்லை. எஸ்.ஐ.யின் கை அவர் தோளில் விழுந்திருந்தது. "பாட்டைக் கேட்டேன், தர மாட்டேன்னான்" என்று மட்டும் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அனுசியா அவரை அடிக்கப் போகவில்லை. அழவும் இல்லை. "பதினோரு மாசம் எந்தம்பி எங்களை வேண்டாம்னுட்டுப் போனான்னு நெனைக்க வச்சிட்டீரே" என்றாள். விசிலை எடுத்து, வரிசையை மீறின ஒரு கூட்டத்தைப் பார்த்து ஊதப் போனவள், ஊத முடியாமல் நின்றாள்.

கார்டை எஸ்.ஐ. உறையில் போட்டு ஒட்டினார். துல்கர்னைன் லோகநாயகியை ஒதுக்குப்புறமாக இழுத்தான். "ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கிடட்டா மேடம்? அந்த அம்மாவுக்கு."

"நம்ம கை பட்டா, நாமளே ஏத்துன பாட்டுன்னு அவங்க வக்கீல் சொல்லுவான். கேஸ் முடியட்டும்."

"எத்தனை வருஷம்?"

அவள் விழுந்து கிடந்த ஸ்கூட்டரை நிமிர்த்தப் போனாள்.

*

சாயங்காலம் தென்காசியிலும் சாரல் தூறியது. முப்பிடாதியம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே முற்றத்தில் ஒரு வாரக் கத்தரிக்காய் வாடிக் கிடந்தது.

லோகநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சிட்டு. உங்க பையன் சாகணும்னு நெனைக்கல. அது அவன் எழுதுன பாட்டு. உங்ககிட்ட சொல்லச் சொன்னது இதுதான். சாரல் விழுந்ததும் வந்துருவேன்னு சொன்னான்."

முப்பிடாதியம்மாள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, கையை வெளியே நீட்டி, விழுகிற தூறலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று.

"வந்துருவேன்னுதான் சொல்லிருக்கான், என்ன?" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு துல்கர்னைனைப் பார்த்தாள். "தம்பி, நாளைக்குக் காலையில அந்த வண்டி வரும்லா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் துல்கர்னைன்.

"வண்டி வரும்மா" என்றான். குரல் வரும் என்று அவன் சொல்லவில்லை.